கவலை இல்லை

படிவத்தில் நான்கு கட்டங்கள்.
அற்றுப்போனது. அற்றுப்போகிறது. அபாயம்.
கடைசியில் ஒன்று: கவலை இல்லை.

செயின்ட் ஹெலினாவின் உச்சிமலையில்
மேகம்தான் சொந்தக்காரர்.
வாடகைக்கு ஏறுகிறோம்
நானும் மெர்வின் பார்கோவும்,
முதுகில் அரிவாள், பையில் ஓர் ஊதா விளக்கு.

பகலெல்லாம் அறுப்பு.
நியூசிலாந்திலிருந்து வரவழைத்து
கயிறு திரிக்க நட்ட நார்ச்செடி.
மெர்வினின் அப்பா அந்த ஆலைக்கு
ஒரு விரலைக் கொடுத்துவிட்டுச் சம்பளம் வாங்கியவர்.
நைலான் வந்தது, ஆலை நின்றது.
செடிக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டமே கிடையாது,
மலை முழுக்க அதுதான்.

அது விட்டுவைத்த ஓரங்களில்
உலகில் வேறெங்கும் இல்லாதவை.
பெண்முட்டைக்கோஸ் மரம், ஆண்முட்டைக்கோஸ் மரம்:
இரண்டும் கணவன் மனைவி அல்ல,
முட்டைக்கோஸும் அல்ல.
பெயர் வைத்தவன்
பசியோடு கரையேறிய மாலுமியாய் இருக்க வேண்டும்.

பாறைமுகட்டில் ஒற்றைக் கோந்துமரம்.
தேனீ வந்து வேறு தூளைக் கலந்துவிடாதிருக்க
கொசுவலை போர்த்தி, ஏணி சாத்தி,
தூரிகையால் அதன் பூவை அதன் பூவுக்கே
மணமுடித்துப் பார்க்கிறோம்.
தன்னைத் தானே ஏற்காத பிடிவாதம் அதற்கு.
ஆயிரம் பூவில் ஒன்றிரண்டு
மறதியாய் இணங்கும்.
அந்த மறதியைத்தான் உறையிலிட்டு
தேதி எழுதிக் குளிர்பெட்டியில் வைக்கிறோம்.

முதல் கட்டத்தில் ஆலிவ் என்றிருப்பது
என் கையெழுத்து அல்ல.
நான் அப்போது பள்ளிக்கூடத்தில்.
நாற்றங்காலில் மிச்சமிருந்த கடைசி மரத்தையும்
பூஞ்சை தின்றுவிட்டதென்று
காலைக் கூட்டத்தில் சொன்னார்கள்.
பிறகு கணக்குப் பாடம்.

கம்பிக்கால் பறவை போன கணக்கில்
ஒரு கட்டம் நகர்ந்தது, நல்ல பக்கமாக.
கேக் வெட்டினோம்.
கேக் தீருமுன் தொலைபேசி:
இனி அதற்கு ஓர் ஆள் போதாதா?

இருட்டியதும் விளக்கைப் போடுவோம்.
ஊதா ஒளியில் முதலில் மெர்வினின் பல் மின்னும்.
அப்புறம் லோரீன்
சோப்புத்தூளைத் தாராளமாய்ப் போட்டுத் துவைத்த
அவன் சட்டைக் காலர்.
இரண்டு தடவை ஏமாந்தேன்.
மூன்றாம் தடவை, பெரணியின் அடியில்,
முள் முளைத்த மஞ்சள் மரப்பேன்,
நண்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி,
சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கும் உடம்பு,
தணல்போல் கனன்றுகொண்டு.

மூச்சுப் படாமல் எண்ணினோம். பதினேழு.
திரும்ப எண்ணினோம். பதினாறு.
இருட்டில் ஒன்று குறைந்தால்
குறைந்தது உயிரா, கண்ணா?
மெர்வின் பதினாறு என்றான்,
நான் பதினேழு.
தலைமை அலுவலகம் சராசரி கேட்கும்.
பதினாறரை மரப்பேன்.

தகராறு முடியாமலே
விடியலில் ஜேம்ஸ்டவுனுக்கு இறங்கினோம்.
அலுவலக வாசலில்,
எந்தக் கப்பலிலோ எப்போதோ வந்திறங்கிய அரசமரம்.
அதன் வெறுங்கிளையில்
கூடில்லை, சுள்ளியில்லை,
ஒட்டக் கொஞ்சம் எச்சில்கூட இல்லை;
பட்டை உரிந்த சிறு குழியில்
ஒரு முட்டை.
அதன்மேல் வெள்ளை ஆலா.

கடல்நெடுக இருக்கும் பறவை.
எத்தனை என்று யாரும் எங்களைக் கேட்டதில்லை.
நான்காம் கட்டம்.

பள்ளத்தாக்கில் காற்று ஏறிவந்தது.
கிளை ஒரு சாண் போய், ஒரு சாண் வந்தது.
ஆலா தலையை மட்டும் திருப்பி
கறுத்த பெரிய கண்ணால்
எங்களையும் ஒருமுறை எண்ணியது.

மெர்வின் எஞ்சினை அணைத்தான்.
இறங்கி, இரண்டு பேருமாக
வண்டியைச் சுவரோரம் தள்ளினோம்.
நான் படிவத்தை முழங்காலில் வைத்து
பதினேழு என்றே எழுதினேன்.
அவன் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.
கதவை அறைந்து சாத்துவதுதான் அவன் வழக்கம்,
பூட்டு துருப்பிடித்த வண்டி அது.
இன்றைக்கு அதைச் சும்மா
சாய்த்து வைத்துவிட்டுப் போனான்.